ஆனி முடிவதற்குள் சேர்ந்துவிடு

அந்த வருடம் எங்கள் வீட்டில் தபால்காரருக்குக் கிடைத்த மரியாதை மாப்பிள்ளைக்குக்கூடக் கிடைத்திருக்காது. தொண்ணூறுகளின் நடுவில், திருநெல்வேலி டவுனில், ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் குடியிருந்தோம். அவருடைய சைக்கிள் மணி சந்து முனையில் கேட்டதுமே அம்மா மோர் கலக்க ஓடுவாள். அப்பாவுக்கு லீவு நாளாக இருந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கே வந்து நின்றுவிடுவார். நான் மட்டும் எனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாதவள் மாதிரி உள்ளே உட்கார்ந்து பழைய வாரப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருப்பேன். தபால்காரர் கொண்டுவருவது யாரோ ஒரு மாமா பேத்தியின் காதுகுத்துப் பத்திரிகையாக இருக்கும். மோரைக் குடித்து முடித்து, "இன்னும் வரலியே தாயி" என்று என்னைப் பார்த்து அவரே வருத்தப்பட்டுவிட்டுப் போவார்.

வர வேண்டியவை இரண்டு. ஒன்று, மெடிக்கல் காலேஜ் கவுன்சிலிங்குக்கு வரச் சொல்லும் கார்டு. இன்னொன்று, ஜங்ஷன் பக்கம் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் வேலைக்கான அழைப்பு. இரண்டுக்கும் போட்டாகிவிட்டது. எது முந்தி வருகிறதோ அதுதான் என் தலையெழுத்து என்று அப்பா தீர்மானம் பண்ணியிருந்தார். ஓட்டப் பந்தயம் நடக்கிறது, ஜெயிப்பவன் என்னைக் கூட்டிக்கொண்டு போவான் என்பது மாதிரி ஓர் ஏற்பாடு. ஓடுகிறவர்கள் இரண்டு பேருக்கும் தாங்கள் ஓடுகிற விஷயமே தெரியாது என்பதுதான் அதில் விசேஷம்.

பிளஸ் டூ முடித்த வருடமே ஒரு தடவை நுழைவுத் தேர்வு எழுதியிருந்தேன். "கொஞ்சத்துல போச்சு." எங்கள் ஊரில் மெடிக்கல் கிடைக்காத எல்லாருக்கும் கொஞ்சத்தில்தான் போயிருக்கும். மலையளவு வித்தியாசத்தில் தோற்றவன் ஒருத்தனைக்கூட நான் சந்தித்ததில்லை. சும்மா இருக்க வேண்டாமென்று லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்த்துவிட்டார்கள். அதைப் படித்துக்கொண்டே மறுபடியும் தேர்வுக்குத் தயார் செய்தேன். பகலில் மைக்ராஸ்கோப், சாயங்காலம் இயற்பியல். இதுதான் கடைசித் தடவை என்று அப்பா சொல்லிவிட்டார். மூன்றாவது தடவை எழுதுவது குடும்பத்துக்கு அழகில்லையாம்.

எனக்கு டாக்டராக வேண்டும். ஏழைகளுக்குச் சேவை செய்வதற்காக என்று பேட்டி கொடுக்கிற ரகம் இல்லை நான். லேப்பில் உட்கார்ந்து ரத்தத்தைப் பார்த்து நான் எழுதிக் கொடுப்பதை, வேறொருவர் வாங்கி வாசித்துவிட்டு, எதிரே இருப்பவரிடம் "உங்களுக்கு இது இருக்கு, இப்படிச் செய்தா சரியாயிரும்" என்று சொல்கிறாரே, அதை நானே சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஆசை. கொஞ்சம் அகம்பாவம் கலந்ததுதான், இருந்துவிட்டுப் போகட்டும். அந்த வயதில் ராத்திரி தூக்கம் வராமல் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

அப்பா ஓர் அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தர். தாத்தா காலத்தில் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வாய்க்கால் பாசனத்தில் வயல் இருந்ததாம். வயல் போய்விட்டது, நாள் பார்க்கிற பழக்கம் மட்டும் பட்டா மாறாமல் எங்களிடமே தங்கிவிட்டது. நடவுக்கு நாள் பார்த்த குடும்பம், நட ஒன்றும் இல்லாததால் தபால் போடுவதற்கு நாள் பார்த்தது. என் மெடிக்கல் அப்ளிகேஷனைப் பூர்த்தி செய்து, சான்றொப்பம் வாங்கி, கவரில் போட்டு ஒட்டிய பிறகும் அது சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. ஒரு நாள் கரிநாள், இன்னொரு நாள் எனக்குச் சந்திராஷ்டமம். கடைசித் தேதி நெருங்குகிறதே என்று நான் கத்தினால், "நல்ல நேரத்துல போட்டா பைய போனாலும் போய்ச் சேந்துரும்" என்பார். கடைசியில் ஒரு சித்திரை மாதத்துக் காலையில், ராகு காலம் முடிகிற வரைக்கும் தபாலாபீஸ் வாசலில் நின்று, அதற்குப் பிறகு உள்ளே போய் ரிஜிஸ்தர் பண்ணிவிட்டு வந்தோம்.

பரீட்சை நல்லபடியாக எழுதினேன். ரேங்க் வந்தது. எப்படிப்பட்ட ரேங்க் என்றால், கிடைக்கும் என்று சொல்கிறவர்களும் சரி, கிடைக்காது என்று சொல்கிறவர்களும் சரி, இருவருமே அடித்துச் சொல்லலாம். அப்படி வரப்பு மேல் நிற்கிற ரேங்க். போன வருடம் இந்த ரேங்குக்குக் கிடைத்தது என்று ஒருவர் சொன்னார். அப்பாவின் அலுவலக நண்பர் ஒருவர், இந்த வருடம் போட்டி ஜாஸ்தி, வேலையைக் கையில் பிடித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்றார். அவருடைய மகன் மூன்று வருடமாகச் சும்மா இருந்தான். புத்திமதி சொல்ல அதைவிடத் தகுதி வேறு என்ன வேண்டும்!

ஆஸ்பத்திரி இன்டர்வியூவுக்கு அப்பாவும் கூட வந்தார். ஆனித் திருவிழாவுக்குக் கொடி ஏறியிருந்த சமயம். டாக்டர் பெரிய உடம்புக்காரர், ஊரில் கைராசிக்காரர் என்று பெயர். என் மார்க்கைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

"மேல படிக்கிற யோசனை ஏதும் உண்டாம்மா?" என்றார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். வாழ்க்கையில் பொய்யே சொன்னதில்லை என்று பேர் வாங்கிய என் அப்பா, தொண்டையைச் செருமிவிட்டுச் சுவரில் தொங்கிய முருகன் காலண்டரைப் பார்த்துத் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். பொய் சொல்லவில்லை பாருங்கள், ஆட்டினார், அவ்வளவுதான்.

"இல்ல, எதுக்குக் கேக்கேன்னா," என்றார் டாக்டர், "போன தடவை இருந்த பிள்ளை சவுதிக்குப் போயிட்டா. அதுக்கு முந்தி இருந்தவ கல்யாணம் ஆகித் தூத்துக்குடிக்குப் போயிட்டா. வேலை கத்துக்கிட்டதும் ஓடிருதாங்க அண்ணாச்சி. அதனால இப்பல்லாம் சேரும்போதே ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி பீரோவுல வச்சிருதேன். பிள்ளையளைக் கட்டி வைக்க முடியாது, சர்டிபிகேட்டைக் கட்டி வைக்கலாம்லா?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "தேர் நிலைக்கு வரட்டும். சொல்லி அனுப்புதேன்."

நம் ஊர் தனியார் ஆஸ்பத்திரிகளிலும் பள்ளிக்கூடங்களிலும் இது பழகிப்போன நடைமுறை. ஆளைச் சேர்க்கும்போது பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, டிப்ளமா என்று எல்லா அசலையும் வாங்கிப் பூட்டிவிடுவார்கள். நாமும் என்னமோ லாக்கரில் நகை வைத்துவிட்டு வருகிற மாதிரி கொடுத்துவிட்டு வருவோம். மெடிக்கல் கவுன்சிலிங்கிலோ அசல் இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள். ஆக, வேலை முந்தி வந்தால் சான்றிதழ் பீரோவுக்குள். கார்டு முந்தி வந்தால் சான்றிதழ் என் கையில். வீட்டுக்குத் திரும்பும்போது டவுன் பஸ்ஸில் இதை அப்பாவிடம் எடுத்துச் சொன்னேன். "பாப்போம்" என்றார். அவர் ஃபைலில் எழுதுகிற அதே 'பார்க்கப்பட்டது.'

தேர் ஓடியது, நிலைக்கு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பேச்சு மூச்சு இல்லை. கார்டும் இல்லை. தபால்காரர் மோர் குடித்தே குளிர்ந்துபோயிருப்பார். கவுன்சிலிங் இன்னும் சில நாட்களில் தொடங்கும் என்று பேப்பரில் செய்தி வந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. கார்டுதான் முந்தப்போகிறது என்று நிச்சயமாக நம்பினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் ஒரு மொபெட் வந்து நின்றது. ஆஸ்பத்திரிக் கணக்கப்பிள்ளை அண்ணாச்சி.

"நாளையோட ஆனி முடியுது. நாளன்னைக்கு ஆடி பொறக்கு" என்றார், பஞ்சாங்கம் எழுதியவரே நேரில் வந்து சொல்கிற தோரணையில். "டாக்டர் நாளைக்கே வந்து சேரச் சொல்லுதாக. நாளைக்கு விட்டா ஆவணியிலதான். அதுக்குள்ள வேற பிள்ளை வந்துட்டுன்னா சொல்ல முடியாது. ஒரிஜினல் எல்லாத்தையும் எடுத்துட்டு வந்துருங்க."

அவர் போனதும் வீட்டில் ஆரம்பித்தது.

"ஒரு வாரம் பொறுங்கப்பா" என்றேன். "கார்டு வந்துரும். வரலன்னா நானே போய் ஆஸ்பத்திரியில சேந்துக்கிடுதேன்."

"ஆடியிலயா? ஆடியில எவனாவது பிள்ளைய வேலையில சேப்பானா?"

"கவுன்சிலிங்கே ஆடியிலதானப்பா நடக்கு? அதுக்கு மட்டும் ஆடி பரவாயில்லையா?"

அப்பா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "அது கவர்மென்ட் நடத்துறது. கவர்மென்ட்டுக்கு ஆடி கிடையாது. அதுவுமில்லாம நாம அப்ளிகேஷன் போட்டது சித்திரையில. கவுன்சிலிங் அதோட தொடர்ச்சி. புதுசா தொடங்குறது இல்ல. இந்த வேலை அப்படியா? நாளன்னைக்குச் சேந்தா, தொடக்கமே ஆடின்னு ஆயிரும்லா?"

எத்தனையோ வருடம் அலுவலகத்தில் குறிப்பு எழுதிய மூளை. "ஒரிஜினல் இல்லாம கவுன்சிலிங்குக்கு எப்படிப் போறது?" என்று கடைசியாகக் கேட்டேன்.

"கார்டு வந்தா போய்க் கேட்டு வாங்கிக்கிடலாம். ஆஸ்பத்திரி என்ன அமெரிக்காவுலயா இருக்கு? இந்தா இங்கன இருக்கு."

அம்மா அடுக்களை நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். "பிள்ளை சொல்லுததையும் கொஞ்சம் கேளுங்களேன்" என்றாள். அப்பா அவளைப் பார்த்த பார்வையில் அவள் உள்ளே போய் எதையோ கிளற ஆரம்பித்தாள்.

மறுநாள் சேர்ந்தேன். நான் மட்டுமா? ஆஸ்பத்திரியே அன்றைக்கு ஆடிக்குப் பயந்து அல்லோலகல்லோலப்பட்டது. புதிதாக வாங்கிய ஸ்கேன் மெஷினை அன்றைக்கே இயக்கிவிட வேண்டுமென்று அதற்குச் சந்தனம் தெளித்து, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கினார்கள். அதற்கு அத்தனை மரியாதை. எனக்கு ஒன்றும் இல்லை. ஒரிஜினலைக் கொடுத்தது நான், மெஷின் இல்லை. டாக்டர் என் சான்றிதழ்களை ஒரு கவரில் போட்டு, தன் அறையில் இருந்த இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். சாவியை வேட்டி மடிப்பை விலக்கி அரைஞாணில் முடிந்துகொண்டார். அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. ஆடி பிறக்க இன்னும் அரை நாள் மிச்சம் இருந்தது.

வேலை எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்வதற்குக் கோபமாக வருகிறது, ஆனால் பிடித்திருந்தது. நரம்பு கிடைக்காத கிழவிகளிடமும் நான் ஒரே குத்தில் எடுத்துவிடுவேன். "இந்தப் பிள்ளை குத்துனா வலிக்கல" என்று ஒரு வாரத்துக்குள்ளேயே என் பெயருக்கு வரிசை நின்றது. டாக்டர் நான் எழுதிக் கொடுத்ததை வாசித்து, எதிரே இருப்பவரிடம் சொல்லுவார். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். சில நேரம் அவர் சொல்லுவதற்கு முன்பே எனக்கு அது தெரிந்திருக்கும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், நான் ஸ்லைடு கழுவிக்கொண்டிருந்தபோது, லேப் வாசலில் அம்மா வந்து நின்றாள். அம்மா தனியாகப் பஸ் ஏறி ஜங்ஷனுக்கு வந்தது அதற்கு முன்னால் கிடையாது. மூச்சு வாங்கியது. முந்தானைக்குள் இருந்து கார்டை எடுத்து நீட்டினாள்.

"நாளன்னைக்கின்னு போட்டிருக்குட்டி" என்றாள். "திங்கக்கிழமை. மெட்ராஸ்ல. மோர்கூட குடுக்கல, வாங்குன கையோட ஓடி வாரேன்."

கார்டு அச்சான தேதியைப் பார்த்தால், அது மெட்ராஸிலிருந்து திருநெல்வேலிக்கு நடந்தே வந்திருக்க வேண்டும். நான் டாக்டர் அறைக்கு ஓடினேன். பூட்டு.

"டாக்டர் சாரலுக்குப் போயிருக்காகம்மா" என்றார் கணக்கப்பிள்ளை அண்ணாச்சி. "குத்தாலத்துல பங்களா எடுத்திருக்காக. செவ்வாக்கிழமைதான் வருவாக."

"பீரோ சாவி?"

அண்ணாச்சி தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். "அது அவாள் இடுப்புலலா கெடக்கும்."

அன்றைக்கு வெளியூர் போயிருந்த அப்பா ராத்திரிதான் திரும்பினார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அப்பாவும் நானும் தென்காசி பஸ் ஏறினோம். சீசன் கூட்டம். அப்பாவுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. வழி முழுக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார். பங்களாவில் விசாரித்தால் டாக்டர் ஐந்தருவிக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அங்கே போனோம். தூறல் விழுந்துகொண்டே இருந்தது. தேடி அலைந்து கடைசியில் கண்டுபிடித்தோம்.

ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, உடம்பு முழுக்க எண்ணெயோடு, கல்லில் குப்புறக் கிடந்தார். மாலிஷ்காரர் முதுகில் ஏறி உட்காராத குறையாகத் தட்டிக்கொண்டிருந்தார். இடுப்புக் கயிற்றில் சாவி. எண்ணெய் பட்டுப் பளபளவென்று, கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில்!

அப்பா குடையை மடக்கினார். நனைந்துகொண்டே, யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத குரலில், "டாக்டரிடம் ஒரு சிறு விண்ணப்பம்" என்று ஆரம்பித்தார்.

டாக்டர் தலையைத் திருப்பி முழுவதையும் கேட்டார். நடுநடுவே முதுகில் விழுந்த தட்டில் "ம், ம்" என்றது பதிலா வலியா தெரியவில்லை. "மேல படிக்கிற யோசனை இல்லன்னுல்லா அன்னைக்குத் தலையாட்டினீங்க அண்ணாச்சி?" என்றார்.

அப்பா தரையைப் பார்த்தார். அப்பாவை அப்படி நான் பார்த்ததே இல்லை. அவர் மேல் இருந்த கோபமும் அவருக்காக வந்த அழுகையும் ஒரே நேரத்தில் வந்து, எதை வெளியே விடுவது என்று தெரியவில்லை.

"சரி விடுங்க. நல்ல காரியந்தான. நான் என்ன வேண்டாம்னா சொல்லப்போறேன்?" என்றார் டாக்டர். "செவ்வாக்கிழமை வாரதா இருந்தேன். பிள்ளைக்காக ஒரு நாள் சாரலை விட்டுட்டு நாளைக்குச் சாயங்காலமே வாரேன். எடுத்துத் தாரேன்."

"நாளைக்குக் காலையில மெட்ராஸ்ல நிக்கணும் சார்" என்றேன் நான்.

"ஒரு நாள்ல என்னம்மா ஆயிரப்போகுது? எங்க காலத்துல சீட்டை வச்சுக்கிட்டு வீட்டுக்கு ஆள் விட்டுக் கூப்பிட்டாங்க. பைய போ, குடுப்பாங்க."

"சாவிய மட்டும் குடுத்தீங்கன்னா, கணக்கப்பிள்ளை அண்ணாச்சி முன்னால வச்சுத் தொறந்து..."

"பீரோ சாவியா? அதை நான் என் பொண்டாட்டிக்கே குடுத்ததில்லம்மா!" டாக்டர் குலுங்கிச் சிரித்தார். மாலிஷ்காரரும் சேர்ந்து சிரித்தார். நான் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தேன். என்ன செய்ய நினைத்தேனோ, எனக்கே தெரியாது. அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டே, "ரொம்ப நன்றி டாக்டர்" என்றார்.

நன்றி! சாரலைத் தியாகம் செய்த மகானுக்கு நன்றி. திரும்பி வரும்போது பஸ்ஸில், அசல் இல்லாவிட்டாலும் நகலை வைத்துக்கொண்டு இப்போதே மெட்ராஸுக்குக் கிளம்பிவிடலாம், போய் நின்று கெஞ்சிப் பார்க்கலாம் என்றேன். அப்பா கார்டை எடுத்துக் காட்டினார். "அசல் சான்றிதழ்களுடன்னு போட்டிருக்குலா" என்றார். விதி என்று ஒன்று அச்சில் இருந்துவிட்டால் அப்பாவைப் பொறுத்தவரை அதற்கு மேல் பேச்சு கிடையாது.

திங்கட்கிழமை சாயங்காலம் டாக்டர் சொன்னபடி வந்தார். கவரை எடுத்துக் கொடுத்தார். கூடவே ஒரு பை மங்குஸ்தான் பழமும் கொடுத்து, "சீட்டோட வா" என்று வாழ்த்தினார். கெட்ட மனுஷர் என்று சொல்லித் திட்டுவதற்குக்கூட அவர் எனக்கு வாய்ப்புத் தரவில்லை. அப்படியே பஸ் ஏறி, செவ்வாய்க்கிழமை காலை மெட்ராஸில் இறங்கி, முகம் கழுவிக்கொண்டு கவுன்சிலிங் நடக்கிற இடத்துக்குப் போனோம்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் அப்பா நின்றுவிட்டார். "நீ போயிட்டு வா. எனக்குக் கால் வலிக்கி. நான் இங்கன நிக்கேன்" என்றார். பெற்றோரும் உள்ளே போகலாம். எல்லா அப்பாக்களும் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

உள்ளே ஒரு பெரிய போர்டு. காலேஜ் வாரியாகக் கட்டம் போட்டு, மிச்சம் இருக்கிற இடங்களை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு நேரே எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம். மேஜையில் இருந்த அம்மாள் என் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நேத்துல்லம்மா நீ வரணும்? ரெண்டு வாட்டி கூப்ட்டோமே."

"ஒரிஜினல் கிடைக்கல மேடம்" என்றேன்.

அவர் ஒரு தாளைப் புரட்டினார். "நேத்து சாயங்காலம் வரைக்கும் இருந்துதும்மா. உனக்குப் பின்னாடி ரேங்க் இருக்கிறவங்க நாலஞ்சு பேர் எடுத்துட்டுப் போயிட்டாங்களே. அடடா..." அவருக்கு நிஜமாகவே மனது கஷ்டப்பட்டது. "எங்கேயாவது காலி விழுந்தா கூப்பிடுவாங்க. கையெழுத்துப் போட்டுட்டுப் போ" என்றார். போட்டேன். பேனா எழுதியது, கைதான் என்னுடையதாக இல்லை. அப்படி எந்தக் காலியும் பிறகு விழவில்லை.

ஹாலிலிருந்து கேட்டு வரைக்கும் நடக்கிற நேரத்தில் அப்பாவிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டேன். ஆடியாம் ஆடி! ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் பொறுத்திருந்தால் போதும். எனக்குப் பின்னால் நின்றவர்கள் டாக்டராகப் போகிறார்கள். நான் அவர்களுக்கு ரத்தம் எடுத்துக் கொடுப்பேன். சந்தோஷமா? கூட்டத்துக்கு நடுவிலேயே கத்துவது என்று முடிவு செய்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

அப்பா அதே மரத்தடியில், உட்காராமல், மங்குஸ்தான் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கால் வலிக்கிறது என்று சொன்ன மனுஷர். என்னைக் கண்டதும் ஓர் அடி முன்னால் வந்தார். அப்புறம், "குடுத்தாங்களா?" என்றார்.

"ரேங்க் போதலப்பா" என்றேன்.

"நேத்து... நேத்தே வந்திருந்தா?"

"நேத்து வந்திருந்தாலும் இதே கதைதான். எனக்கு ரொம்ப முன்னாலயே முடிஞ்சுட்டாம்."

எதற்கு அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. அவர் முகத்தைப் பார்த்தேன், வாயில் வந்துவிட்டது. அப்பா ஒரு பெருமூச்சு விட்டு, மரத்தடிக் கட்டையில் அப்படியே உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். "அப்ப நம்ம மேல ஒண்ணும் தப்பில்ல" என்றார். பழம் ஒன்றைப் பிதுக்கி, சுளையை எடுத்து என் கையில் வைத்தார். எனக்கு வந்தது அழுகை இல்லை, எரிச்சல். அந்த மனுஷருக்கு எவ்வளவு சுலபமாக நிம்மதி வந்துவிட்டது!

ஊருக்கு வந்த பிறகு ஆஸ்பத்திரிக்கே திரும்பினேன். கவர் பீரோவுக்குத் திரும்பியது. அப்பா கேட்டவர்களுக்கெல்லாம் வஞ்சனை இல்லாமல் விளக்கம் சொன்னார். "ரெண்டு தடவை எழுதினா. மார்க் போதல. பாவம், பிள்ளைக்கு இயற்பியல் கொஞ்சம் கஷ்டம். நல்ல வேளை, ஆனியிலயே வேலையில சேத்துவிட்டேன். இல்லன்னா இதுவும் போயிருக்கும்." கல்யாண வீட்டுப் பந்தியில், நான் பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்கும்போதே சொல்லுவார். நானும் ரசத்தை ஊற்றிக்கொண்டு, ஆமாம் என்பது மாதிரி இருப்பேன். இயற்பியலில்தான் நான் அதிக மார்க் வாங்கியிருந்தேன்.

அடுத்த சித்திரை வந்தது. மறுபடியும் அப்ளிகேஷன் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று பேப்பரில் பார்த்தேன். ஒன்பது மாதமாகக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக் கேட்டு எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"அப்பா, இன்னும் ஒரே ஒரு தடவை எழுதுதேன்."

அப்பா கோபப்படவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. சோப்பு நுரையோடு திரும்பி, அவ்வளவு பிரியமாக என்னைப் பார்த்தார்.

"கொஞ்சத்துல போயிருந்தா நானே அப்ளிகேஷன் வாங்கியாந்து குடுத்திருப்பேன்டா. எத்தனை தடவை வேணும்னாலும் எழுதுன்னு சொல்லியிருப்பேன்" என்றார். "கிட்டவே நெருங்கலன்னு நீதானம்மா சொன்ன? நேத்து வந்திருந்தாலும் கிடைச்சிருக்காதுன்னு. வீணா எதுக்கு மறுபடியும் மனசைப் போட்டு வருத்திக்கிடுத?"

வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் இன்னொரு தடவை எனக்குக் கிடைத்திருக்கும். அன்றைக்கே பணத்தைக் கொடுத்து என்னை அப்ளிகேஷன் வாங்க அனுப்பியிருப்பார், ராகு காலம்கூடப் பார்த்திருக்கமாட்டார். அதற்குப் பிறகு அந்தக் கண்ணாடியில் தன் முகத்தை எப்படிப் பார்த்துச் சவரம் செய்வார்?

"ஆமாப்பா" என்றேன்.

"அதான பாத்தேன்" என்று அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. அம்மா டிபன் டப்பாவை நீட்டினாள், வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன்.